பங்குத்தந்தைக்குத் துணை யார்?



மண்ணூர்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பகுதிகளிலும் வாழும் நம்மவர்களின் நாள், ஆலயமணியைவிட ஷிப்ட் நேரத்தைப் பார்த்தே நகர்கிறது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவான பிறகு, வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்குபவர், ஞாயிறன்றும் ஓவர்டைம் பார்ப்பவர், வாடகை கட்டுப்படியாகாமல் ஆவடிக்கோ திருநின்றவூருக்கோ வீடு மாறிப்போகிறவர் என்று பங்கின் முகம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இத்தகைய புறநகர்ப் பங்கில் பணியாற்றும் குருவுக்குப் பல நூறு குடும்பங்களைத் தெரியும். அவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி.

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஒருவருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும். இன்னொருவருக்குப் பள்ளியில் இடம் கேட்டு ஒரு கடிதம் வேண்டும். வேறொருவர் புது வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்திருப்பார். எல்லாம் நியாயமான தேவைகளே. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று கேட்டே வருகிறார்கள். ஒன்பதரை மணிக்கு வெளிக்கதவு பூட்டப்பட்ட பிறகு, சமையல்காரர் மதியமே செய்து மூடிவைத்துவிட்டுப் போன உணவை அவர் தனியே சூடாக்கிச் சாப்பிடுகிறார்.

குருவின் தனிமை என்றதும் பலர் அதை மணத்துறவோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். அது முழு உண்மையாகாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ல் குருக்களின் உருவாக்கம் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் இதைக் கவனமாகப் பிரித்துக் காட்டினார். எல்லாக் குருக்களும் அனுபவிக்கிற இயல்பான தனிமை ஒன்று உண்டு. செபத்திற்கும் படிப்பிற்கும் தேவையான நல்ல தனிமையும் உண்டு. சிக்கல்களால் உண்டாகி மேலும் சிக்கல்களைப் பெற்றெடுக்கும் தனிமையும் உண்டு. நாம் இங்கே பேசுவது இந்தக் கடைசித் தனிமையைப் பற்றி. அதைக் குறைப்பதில் ஆயருக்கும் உடன் குருக்களுக்கும் இருக்கும் பொறுப்பு பெரிது. பங்கு மக்களுக்கு இருக்கும் பொறுப்பு அதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

சவேரியார் வெட்டி எடுத்த பெயர்கள்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தும், அவர்களோடு தங்கி மறைக்கல்வி தரக் குருக்கள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கடற்கரையில் அவருக்கு உதவியாக இருந்தவர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்ற துணைவர். 1544-ல் மணப்பாடு, புன்னைக்காயல் போன்ற ஊர்களிலிருந்து சவேரியார் அவருக்கு எழுதிய சிறு கடிதங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. மக்களிடம் பொறுமையாக இரு, அவர்களை அன்பினால் நடத்து என்ற அறிவுரை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே என்று கரை நெடுகப் பிரிந்து நடந்தாலும் கடிதம் நிற்கவில்லை.

பின்னர் 1546-ல் அவர் இன்னும் தொலைவில், இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்தபோது ஐரோப்பாவிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கைப்பட இட்ட பெயர்களை மட்டும் வெட்டி எடுத்து, தம் துறவற வாக்குறுதியோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாகத் தெரிவித்தார். ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திருமுழுக்குத் தந்த மனிதருக்கு, தம் நண்பர்களின் கையெழுத்தைத் தொட்டுப் பார்க்கும் தேவை இருந்தது. சவேரியாரை அற்புதங்களின் புனிதராக மட்டும் நினைத்துப் பழகிய நாம், கோட்டாறு திருவிழாவுக்குப் போய்வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு தீவுக்கு ஒரே குரு

தனிமையைத் தாங்கிய மறைப்பணியாளர்களில் தமிழ் மக்களுக்கு மிக நெருக்கமானவர் புனித யோசேப் வாஸ். 1651-ல் கோவாவில் பிறந்த இவர் 1687-ல் இலங்கைக்குள் நுழைந்தார். போர்த்துக்கீசியரிடமிருந்து கடலோரப் பகுதிகளைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்தனர்; குருக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். எனவே வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து படகேறினார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது கடும் நோயுற்றிருந்தார்.

கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத நிலை. கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்த்தே மந்தையைக் கண்டுபிடித்தார். சில்லாலைக் கத்தோலிக்கர் அவருக்கு இடம் கொடுத்தனர். பிடிபட்டால் தண்டனை தங்களுக்கும் உண்டு என்று தெரிந்தே கொடுத்தனர். பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டி நாட்டுக்குச் சென்றபோது போர்த்துக்கீசிய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார்.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. தம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற வேண்டுமானால்கூட அவருக்கு இன்னொரு குரு அங்கே இல்லை. அவர் எப்படித் தாக்குப்பிடித்தார்? செபமும் துறவும் முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தனி ஆளாக வேலை செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மறைக்கல்வியும் செபமும் நடத்த அண்ணாவி, ஆலயக் காரியங்களைக் கவனிக்க மூப்பர் என்று ஊர்தோறும் பொதுநிலையினரை முன்னிறுத்தி வேலையைப் பகிர்ந்தார். அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வந்துபோனாலும் செபம் நிற்காமல் நடந்தது. மக்கள் அவரை ஒளித்துவைத்தார்கள், உணவளித்தார்கள், நோயில் பார்த்துக்கொண்டார்கள், அடுத்த ஊருக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றார்கள். பிறகு கோவாவில் அவர் உருவாக்கிய ஆரட்டரி சபையிலிருந்து 1690-களின் பிற்பகுதியில் உடன் குருக்கள் வந்து சேர்ந்தனர். கண்டியில் பெரியம்மை பரவிய காலத்தில் நோயாளிகளைப் பேணும் பணியை அவர் தனியாகச் சுமக்கவில்லை. 1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அண்ணாவியும் மூப்பரும் அன்று செய்ததை இன்று நம் பங்குகளில் பங்குப் பேரவை, நிதிக்குழு, அன்பியப் பொறுப்பாளர்கள் என்று வேறு பெயர்களில் அமைத்திருக்கிறோம். அமைப்பு இருக்கிறது. அது குருவின் சுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

ஊரைவிட்டு ஓடிய புனிதர்

பங்குத்தந்தையர்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818 முதல் 1859-ல் இறக்கும்வரை பிரான்சின் ஆர்ஸ் என்ற சிற்றூரில் பணியாற்றினார். அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அந்த ஊரைவிட்டு ஓடிப்போக முயன்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1843-ல் தம் சகோதரர் வீட்டுக்கே போய்விட்டுத் திரும்பினார். 1853-ல் இரவோடு இரவாகப் புறப்பட்டவரை மக்கள் வழிமறித்தனர். எங்காவது தனியே போய்த் தம் பாவங்களுக்காக அழ வேண்டும் என்பது அவர் ஏக்கம். நாள்தோறும் பல மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து ஊர் உலகத்தின் துயரத்தையெல்லாம் கேட்டவர் அவர். அவருடைய களைப்பைக் கேட்கச் சிலரே இருந்தனர். போதாததற்கு, அக்கம்பக்கத்துக் குருக்கள் சிலர் அவருக்குப் போதிய அறிவில்லை என்று ஆயரிடம் புகார் மனுவும் தயாரித்தனர். அது சுற்றிவந்து அவர் கையிலேயே கிடைத்தபோது அவரும் அதில் கையெழுத்திட்டு அனுப்பினார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அவர் இறந்த 150-ம் ஆண்டை முன்னிட்டுத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 சூன் முதல் 2010 சூன் வரை குருக்கள் ஆண்டாக அறிவித்தார். ஆகஸ்ட் 4 அவர் திருநாள். நம் பங்குகளில் அன்று பொன்னாடை போர்த்துகிறோம், சிறுவர்கள் நடனமாடுகிறார்கள், கேக் வெட்டுகிறோம். நல்லதுதான். பொன்னாடைகள் அலமாரியை நிறைத்துவிட்டன, மறுநாளிலிருந்து பழைய கதைதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் குருக்கள் உண்டு.

திருச்சபைச் சட்டம் சொல்வது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய விதித்தொகுப்பு, தனிமையால் வரக்கூடிய ஆபத்துகளிலிருந்து குருக்களைக் காக்க, அவர்களிடையே ஏதேனும் ஒரு வகைக் கூட்டு வாழ்வை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது (எண் 8). 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. சட்டம் 280 குருக்களின் கூட்டு வாழ்வைப் பரிந்துரைக்கிறது. சட்டம் 384 குருக்கள்மீது தனி அக்கறை காட்டுவது ஆயரின் கடமை என்கிறது. சட்டம் 555 மறைவட்ட முதல்வரின் பணிகளைச் சொல்லும்போது, தம் வட்டத்தில் சிக்கலில் இருக்கும் குருக்களைச் சிறப்பாகக் கவனிப்பதையும், கடும் நோயுற்ற பங்குத்தந்தைக்கு ஆன்ம உதவியும் பொருள் உதவியும் கிடைக்கச் செய்வதையும் அவற்றில் சேர்க்கிறது.

பங்கு மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று 533. பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை எடுக்கலாம். ஆண்டுத் தியானத்திற்குச் செல்லும் நாள்கள் இக்கணக்கில் சேராது. எனவே அவர் ஊருக்குப் போனால் “ஃபாதர் மறுபடியும் டூர் போயிட்டாரா?” என்று கேட்பது அநியாயம். இரண்டாவது 537. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். இதன் முக்கியத்துவம், புது ஆலயமோ கெபியோ கட்டும் பங்கில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும். ஒப்பந்தக்காரருக்குப் பாக்கி, கம்பி விலை ஏற்றம், வாக்குறுதி தந்தவர்கள் தராத நன்கொடை என்று அத்தனையும் ஒருவர் தலையில் விழுகிறது. கணக்குத் தெரிந்த, நேர்மையான மூன்று பேர் அந்தச் சுமையை உண்மையாகவே வாங்கிக்கொண்டால், குருவுக்கு உறக்கம் திரும்பும். வங்கி, தணிக்கை, தொழிற்சாலை நிர்வாகம் என்று வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம் பகுதியில் குறைவில்லை.

நாம் செய்யக்கூடியவை

விவிலியம் இதில் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறையானது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் மறையுரை எதுவும் ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டார். மீண்டும் எழுப்பி மீண்டும் உண்ணச் சொன்னார் (1 அர 19). மலைமேல் மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்கினர் (விப 17). சிறையிலிருந்த பவுல் திமொத்தேயுவிடம் கேட்டவை அதைவிட எளியவை. தேமா விட்டுப்போய்விட்டார், லூக்கா மட்டுமே உடனிருக்கிறார், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த போர்வையையும் நூல்களையும் எடுத்துவா, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார் (2 திமொ 4).

எனவே முதலில், ஒன்றும் கேட்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். சான்றிதழ் வேண்டாம், பூசைக்கருத்து வேண்டாம். “எப்படி இருக்கீங்க ஃபாதர், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அவருடைய ஊர் எது, தாய் தந்தையர் இருக்கிறார்களா, என்ன படிக்கப் பிடிக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பூவிருந்தவல்லி திரு இருதயக் குருமடம் நம் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே உருவாகும் குருமாணவர்கள் பல ஆண்டுகள் உடன்பிறப்புகளைப் போல ஒரே கூரையின்கீழ் உண்டு, செபித்து, விளையாடி வாழ்கிறார்கள். அந்தக் கூட்டு வாழ்விலிருந்து வெளியேறும் இளங்குரு, சில ஆண்டுகளில் ஒரு பங்கு இல்லத்தில் தனி ஆளாகிறார். முதன்முறையாகப் பங்குத்தந்தை ஆகிறவர்கள் வந்துசேரும் பங்குகள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். வசதியானவர்கள் வீட்டு விருந்துக்குக் குருக்களுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பிரியாணி அங்கே கிடைக்கும். ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள், “நம்ம வீட்டுக்கு ஃபாதர் எப்படி வருவாரு” என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். இட்லியும் சட்னியும் போதும். சர்க்கரை நோயுள்ள குருவுக்கு அதுவே நல்லது. அன்பியங்கள் முறைவைத்து அழைத்தால், ஒரு சிலர் மட்டுமே “ஃபாதரின் ஆள்கள்” ஆகிவிடும் சிக்கலும் வராது. அது சிறிய சிக்கலன்று. நான்கு குடும்பங்களின் நட்பு மற்ற நானூறு குடும்பங்களிடமிருந்து அவரைப் பிரித்துவிட்டால், அவர் முன்னைவிடத் தனியாகிறார்.

குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். மறையுரை நீளம், கணக்கு தெளிவாக இல்லை, கல்லறைத் திருநாளில் ஒழுங்கில்லை என்று எதுவானாலும் முகம் பார்த்துப் பேசலாம். எழுத்தில் கொடுப்பதானால் பெயரிட்டுக் கொடுக்கலாம். மொட்டைக் கடிதம் நம் தமிழ்த் திருச்சபையின் பழைய நோய். இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் வேகமாகப் பரவுகிறது. சாதியையும் சொந்த மாவட்டத்தையும் வைத்துக் குருவை “நம்மவர்”, “அவர்கள் ஆள்” என்று அளப்பது அதைவிடக் கொடியது. எழுதியவர் யார் என்று தெரியாத ஒரு கடிதத்திற்குப் பிறகு, ஞாயிறு திருப்பலியில் எதிரே நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் அவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

குருவின் வீட்டில் துக்கம் என்றால் நம் மக்கள் வேன் பிடித்துப் போய் அடக்கத்தில் கலந்துகொள்கிறார்கள். இது நம்மிடமுள்ள மிக நல்ல வழக்கம். ஆனால் அடுத்த ஞாயிறே அவர் பீடத்தில் நிற்கிறார், நாமும் மறந்துவிடுகிறோம். தாயை இழந்தவருக்கு மூன்றாம் மாதம்தான் கடினம் என்பதை நம் வீடுகளில் அறிவோம். அப்போது ஒருமுறை அந்தத் தாயின் பெயரால் நாமே பூசைக்கருத்து எழுதிக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

முன்பு சிரித்துப் பேசியவர் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார், உணவைத் தவிர்க்கிறார், காலைத் திருப்பலிக்கு எழ முடியவில்லை, உடன் குருக்கள் கூடும் இடங்களுக்குப் போவதில்லை, குடிக்கிறார் என்றால் அதைத் தெருவில் பேசாதீர்கள். அவர் நம்பும் ஒரு குருவிடமோ மறைவட்ட முதல்வரிடமோ முதன்மைக் குருவிடமோ தெரிவியுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். விசுவாசக் குறைவு என்று அதற்குப் பெயர் சூட்டுவது நோயை மறைக்கவே உதவும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். குருக்களும் துறவியரும் அழைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குருவுக்குத் துணை நிற்பது அவர் தவறை மறைப்பதாகாது. சிறாருக்கு எதிரான குற்றம் என்றால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் பிறப்பித்து 2023-ல் புதுப்பித்த விதிகளும் குருக்களும் துறவியரும் இத்தகையவற்றை ஆயரகத்திற்கு அறிவிக்கக் கடமைப்படுத்துகின்றன. தனிமையில் இருந்தார் என்பது எந்தக் குற்றத்திற்கும் சாக்காகாது.

குருக்கள் மட்டுமல்லர்

உபதேசியாரை நினையுங்கள். செபம் சொல்லவும் நோயாளியைப் பார்க்கவும் அடக்கத்திற்கு ஓடவும் அவர் வேண்டும். அவருடைய சம்பளம் பற்றிப் பேசும்போது மட்டும் பேரவைக் கூட்டத்தில் அமைதி நிலவும். குருவுக்கும் மக்களுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறவர் அவர். பள்ளியையோ மருந்தகத்தையோ நடத்தும் அருள்சகோதரிகள் இல்லத்தில் மூவரோ நால்வரோ இருந்தாலும், மாறுதல் கடிதம் வந்தால் ஒரே வாரத்தில் பழகிய ஊரைவிட்டுப் போக வேண்டும். குருவுக்கு வழியனுப்பு விழா நடத்தும் நாம், சகோதரிகள் போன பிறகே அவர்கள் போனதை அறிகிறோம். வேலைக்கும் போய்க்கொண்டு ஐந்தாறு ஆண்டுகளாக அன்பியக் கூட்டத்தைத் தாங்கும் தாய்மார்களும், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். நம் தெருக்களில் சிறு சபைகளை நடத்தும் பிற சபைப் போதகர்களுள் பலருக்கு ஆயரும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் அவர்களில் ஒருவரையாவது பங்கு இல்லத்திற்குத் தேநீருக்கு அழைத்தால், இரண்டு பணியாளர்களுக்கு அது நன்மை பயக்கும்.

ஓய்வுபெற்ற குருக்களை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். உங்களுக்குத் திருமணம் செய்துவைத்தவர், உங்கள் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குத் தந்தவர் இன்று ஓய்வு இல்லத்தில் இருக்கலாம். அவர் எங்கே இருக்கிறார் என்று பங்கு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வரும் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். பழைய திருமணப் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர்கள் மறந்திருந்தாலும், முகங்களைப் பார்த்ததும் அவர் அந்த ஆண்டின் திருவிழாவிலிருந்து பேசத் தொடங்கிவிடுவார்.